ஏறுபவர்களும் வரட்டும், மண்ணும் மீளட்டும்: பாறையேற்றத் தளத்தைச் சீரமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கூட்டம் அதிகம் வரும் பாறையேற்றத் தளம் எதற்குப் போனாலும், மேலே பார்ப்பதற்கு முன் குனிந்து பாறையின் அடியைப் பாருங்கள். தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கோ ஒரு முழம் உயரத்துக்கோ பாறை வெளிறிப்போய், லைக்கன் (பாறையில் திட்டுத் திட்டாக ஒட்டி வளரும் பூஞ்சை-பாசிக் கூட்டுயிர்) படியாமல் இருக்கும். அதற்கு மேலே கருப்பும் சாம்பலுமாக வெயிலும் மழையும் பட்ட பழைய நிறம். அந்த வெளிறிய பட்டை வரை ஒரு காலத்தில் மண் இருந்தது. ஏற வந்தவர்களின் கால் பட்டுக் கெட்டித்துப்போன மண்ணை ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது.

இதைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இடத்தை மூடிவிடலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதன்முதலில் நான் கலந்துகொண்ட சீரமைப்பு வேலையில், பெரிய பாறை ஒன்றின் அடிவாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நாற்று நட்டு, பலகையும் வைத்துவிட்டு வந்தோம். அடுத்த மாதம் போனபோது கயிறு தரையில் கிடந்தது. நாற்றுகளுக்கு நடுவே புதிதாக இரண்டு ஒற்றையடிப் பாதைகள் உருவாகியிருந்தன. வந்தவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. அந்தப் பாறைக்குப் போக வேறு வழியை நாங்கள் காட்டவே இல்லை.

அன்று கற்றதைத்தான் இந்த வழிகாட்டி முழுவதும் சொல்லப்போகிறேன். முதலில் நல்ல வழியைத் திறங்கள், அதன்பிறகு கெட்ட வழியை மூடுங்கள். வரிசை மாறினால் உழைப்பு, பணம், நாற்று மூன்றும் வீண்.

படி 1: முதலில் நடந்து பாருங்கள்

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒன்று கூட்டம் அதிகமுள்ள விடுமுறை நாளாகவும், மற்றொன்று நல்ல மழை பெய்கிற நாளாகவும் இருக்கட்டும். தளத்தின் படத்தைப் பெரிய தாளில் வரைந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ். இதற்குப் போதும்.

விடுமுறை நாளில் ஆட்களைக் கவனியுங்கள். எங்கே வண்டியை நிறுத்துகிறார்கள், எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே பையை இறக்குகிறார்கள், சிறுநீர் கழிக்க எந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் படத்தில் குறியுங்கள். பெரும்பாலான தளங்களில் எல்லோரும் பையைச் சாய்த்து வைக்கிற ஒரு மரம் இருக்கும். அதன் அடிமரம் வழவழவென்று தேய்ந்து, வேர்கள் விரல்களைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மரம்தான் உங்கள் முதல் நோயாளி.

மழை நாளில் தண்ணீரைக் கவனியுங்கள். அது எங்கே இறங்குகிறது, எங்கே கலங்குகிறது, மண்ணை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பாருங்கள். நனைந்துகொண்டே அரை மணி நேரம் நின்றால் எந்த அறிக்கையும் சொல்லாததைத் தண்ணீர் சொல்லிவிடும்.

மண்ணின் நிலையை அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைக் கையால் அழுத்திப் பாருங்கள். மிதிபடாத மரநிழலில் அது சுலபமாக இறங்கும். பாறையடியில் ஒரு விரற்கடையிலேயே நின்றுவிடும். அப்புறம் இரண்டு இடத்திலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு பக்கம் மண் குடித்துவிடும், மறுபக்கம் அது ஓடிப் போய்விடும். கெட்டித்த மண்ணில் தண்ணீர் இறங்காது, காற்று போகாது, வேரும் நுழையாது. அங்கே விதை தூவுவது சிமெண்ட் தரையில் விதை தூவுவதற்குச் சமம்.

படி 2: இது யாருடைய இடம் என்று கேளுங்கள்

சட்டப்படி நிலம் யாருடையது என்பது முதல் கேள்வி. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் பின்னால் சிக்கல் வரும். அந்தப் பாறையைத் தலைமுறை தலைமுறையாகப் புனிதமாகக் கருதுபவர்கள், அதன் அடியில் மேய்ச்சலுக்கு வருபவர்கள், பறவை பார்ப்பவர்கள், வழிகாட்டி வேலை செய்து பிழைப்பவர்கள் என்று எல்லோரும் பேச்சில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள டெவில்ஸ் டவர் பல பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான இடம். அவர்களின் சடங்குகள் பல ஜூன் மாதத்தில் நடப்பதால், அந்த மாதம் மட்டும் தாமாகவே ஏறாமல் இருங்கள் என்று 1995 முதல் தேசியப் பூங்கா நிர்வாகம் ஏறுபவர்களைக் கேட்டுக்கொள்கிறது. அது கட்டாயம் இல்லை, வேண்டுகோள்தான். சிலர் அதையும் மீறி ஏறத்தான் செய்கிறார்கள். ஆனாலும் காரணம் புரிந்த பெரும்பாலானவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

பேச்சு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கிராம்பியன்ஸ் மலைகள் உதாரணம். பூர்வகுடிகள் அதை காரிவெர்ட் என்று அழைக்கிறார்கள். பல பத்தாண்டுகள் ஏறிவந்த பாறைகளில் பெரும் பகுதி, பாரம்பரியச் சின்னங்களையும் இயற்கையையும் காப்பதற்காக 2019-இல் மூடப்பட்டது. எல்லாத் தரப்பிலும் மனக்கசப்பு. முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால் பாறை பாறையாக முடிவெடுத்திருக்க முடியும் என்பது என் எண்ணம்.

படி 3: எதை விடுவது, எதைக் காப்பது

எல்லா இடத்தையும் மீட்க ஆசைப்பட்டால் எதுவும் மீளாது. இங்கே ஒரு அடிப்படை உண்மை தெரிந்திருக்க வேண்டும். மிதிபடும் நிலத்தில் சேதம் ஒரே சீராக ஏறுவதில்லை. முதலில் வருகிற கொஞ்சம் பேரே செடிகொடிகளில் பெரும்பகுதியை அழித்துவிடுகிறார்கள். அதற்குமேல் கூட்டம் இரட்டிப்பானாலும் செடிக்கு வரும் கூடுதல் சேதம் குறைவுதான். வெளிப்புற நிலங்களில் மனித நடமாட்டத்தை ஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு முதலில் முரணாகத் தோன்றும். ஏற்கெனவே கெட்டுப்போன இடத்திலேயே கூட்டத்தை வைத்திருங்கள், அந்த இடத்தை மட்டும் கல் பாவி உறுதியாக்குங்கள். லேசாகக் கெட்ட இடங்களை உடனே மூடுங்கள், ஏனென்றால் மண் இன்னும் உயிரோடு இருப்பதால் அவைதான் சீக்கிரம் மீளும். கால் படாத இடத்துக்குப் புதிய வழி உருவாகவே விடாதீர்கள். கூட்டத்தைப் பரவலாக எல்லாப் பக்கமும் பிரித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். ஒரு பெரிய காயம் பத்துச் சின்னக் காயங்களாகிவிடும்.

வறண்ட நிலமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் யூட்டா போன்ற பாலைப் பகுதிகளில் மண்ணின் மேல் கருப்பாகச் சுருங்கிய ஒரு மேலோடு இருக்கும். நுண்ணுயிர், பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து பின்னிய உயிருள்ள தோல் அது. மணலைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். ஒரு காலடி பட்டால் நொறுங்கும், மீள்வதற்குப் பல ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள் ஆகும்.

படி 4: நல்ல பாதையைப் போடுங்கள்

வேலையில் பாதிக்குமேல் இதற்குத்தான் போக வேண்டும். மனிதர்கள் குறுக்குவழியில் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. பாதை சேறாக இருக்கும், வழுக்கும், தெளிவாகத் தெரியாது, அல்லது தேவையில்லாமல் சுற்றும். இந்த நான்கையும் சரிசெய்தால் பெரும்பாலானவர்கள் உங்கள் பாதையிலேயே நடப்பார்கள்.

சரிவில் நேராக இறங்கும் பாதை மழை பெய்தால் ஓடையாகிவிடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே சாய்வாகப் போடுங்கள். பாதை அமைப்பவர்கள் வைத்திருக்கும் விதி ஒன்று: பாதையின் ஏற்றம், அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது. முழு நீளத்துக்கும் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் மண் நிற்கும். பாதையின் பரப்பும் வெளிப்பக்கமாக 5 விழுக்காடு சாய்ந்திருக்கட்டும். வீட்டுத் தளத்துக்கு வாட்டம் கொடுப்பது போலத்தான். தண்ணீர் பாதை நெடுகிலும் ஓடாமல் குறுக்கே கடந்து போய்விடும்.

ஏற்கெனவே உள்ள பாதையை மாற்ற முடியாத இடங்களில் தண்ணீரைத் திருப்பிவிடக் குறுக்குக்கல் வையுங்கள். இதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். கல்லைப் பாதைக்கு நேர்க்குறுக்காக வைத்தால் அதன் பின்னால் வண்டல் சேர்ந்து, அடுத்த மழையில் தண்ணீர் மேலேறிப் போய்விடும். பாதையின் திசைக்கு 45 முதல் 60 பாகைக் கோணத்தில் சாய்வாக வையுங்கள். ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். வைத்தபின் அதன்மேல் ஏறி நின்று உடம்பை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் தோண்டி எடுத்துத் திரும்ப வையுங்கள். இன்று ஆடுகிற கல் ஆறு மாதத்தில் உருண்டுவிடும். வடிகிற தண்ணீர் போய்ச் சேர ஒரு வாய்க்காலும், அதன் வாயில் வேகத்தைக் குறைக்கச் சில கற்களும் வேண்டும்.

செங்குத்தான இடத்தில் கல் படி கட்டுங்கள். கீழிருந்து தொடங்குங்கள். மேல்கல் கீழ்க்கல்லின் பின்விளிம்பில் ஏறி உட்கார வேண்டும். படி உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டர் போதும். முதுகில் கிராஷ் பேட் (விழுந்தால் தாங்கும் தடித்த மெத்தை) சுமந்து இறங்குபவருக்கு அதைவிட உயரமான படி தொல்லை, அவர் பக்கத்து மண்ணில்தான் கால் வைப்பார். அதனால் படியின் இரு பக்கமும் பெரிய கற்களைக் கரடுமுரடாகப் புதைத்துவிடுங்கள். நடக்க வசதியாக இருப்பது படி மட்டும்தான் என்று காலுக்கே தெரிய வேண்டும்.

கல்லைத் தளத்துக்குள்ளேயே பொறுக்கலாமா என்று கேட்பார்கள். பாசி படிந்து, அடியில் ஈரமும் பூச்சியும் உள்ள கல்லை எடுக்காதீர்கள், அது ஏதோ ஒரு உயிரின் வீடு. சரிந்து கிடக்கும் கற்குவியலிலிருந்து, அனுமதியோடு, பரவலாக எடுங்கள்.

படி 5: நிற்க ஓர் இடம் கொடுங்கள்

பாறையடியில் பிலே செய்பவர், அதாவது ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடிப்பவர், அசையாமல் நிற்பதில்லை. கயிறு விட்டும் இழுத்தும் முன்னும் பின்னும் நடப்பார். அவருடைய நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு ஒரு மேடை கட்டிவிட்டால் மற்ற இடமெல்லாம் பிழைக்கும்.

சரிவான இடத்தில் சிமெண்ட் இல்லாத கல்கட்டுதான் சிறந்தது. அடிக்கல் பெரியதாக, சுவர் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்து, பின்னால் சல்லி நிரப்பி, மேலே மண் போட்டுக் கெட்டிக்க வேண்டும். தண்ணீர் கற்களின் இடுக்கில் கசிந்து வெளியேறுவதால் சுவர் உப்பாது. மேடையின் ஓரத்தில் பை வைக்கத் தட்டைக் கல் ஒன்றைப் போடுங்கள். நான் சொன்ன அந்தத் தேய்ந்த மரத்துக்கு விடுதலை கிடைப்பது இப்படித்தான். அதன் வேர்களின் மேல் மெல்லியதாக மண்ணும் சருகும் போடலாம். ஆனால் அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகிவிடும்.

படி 6: இப்போது மூடுங்கள், மண்ணை எழுப்புங்கள்

புதிய பாதையும் மேடையும் தயாரான அதே வாரத்தில் பழைய வழிகளை மூடிவிட வேண்டும். இரண்டு வழியும் சேர்ந்து திறந்திருந்தால் மக்கள் பழகியதிலேயே போவார்கள்.

மூடுவதில் முக்கியமானது மறைப்பு. பழைய பாதை கண்ணுக்குத் தெரிகிற வரை கால் அங்கே போகும். கண்ணுக்கு எட்டும் தூரம் வரை காய்ந்த கிளைகளைப் படுக்க வைத்தும், சிலவற்றை மண்ணில் குத்தி நிறுத்தியும் வையுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் புதராகத் தெரிய வேண்டும். நுழைவாயிலில் மட்டும் நான்கு கிளையைப் போட்டால் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். கயிறும் வேலியும் தற்காலிகம்தான். பிளாஸ்டிக் வலை மட்டும் வேண்டவே வேண்டாம், பாம்புகள் சிக்கிச் செத்துப்போகும். அரிப்பைத் தடுக்க வலை தேவைப்பட்டால் மட்கிப்போகும் தென்னை நார் அல்லது சணல் வலை போடுங்கள்.

அடுத்தது மண். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு கடப்பாரையால் குத்தி நெகிழ்த்துங்கள். மண்ணைப் புரட்டிப்போட வேண்டியதில்லை, பிளந்தால் போதும். மரவேர் தட்டுப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஈரம் சொட்டும்போது இதைச் செய்யாதீர்கள், களிமண் கலந்த மண் இன்னும் இறுகும். பிளந்த பரப்பு கரடுமுரடாகவே இருக்கட்டும். சின்னச் சின்னக் குழிகளில்தான் விதையும் ஈரமும் தங்கும். அதன்மேல் பக்கத்துக் காட்டுச் சருகை மூடாக்காகப் போடுங்கள். சருகு கொண்டுவருவது நிழலை மட்டும் இல்லை, அந்த நிலத்துக்குச் சொந்தமான விதை, பூஞ்சை, சிறு பூச்சிகள் எல்லாம் அதில்தான் வருகின்றன. பல இடங்களில் நெகிழ்த்தலும் மூடாக்கும் மட்டுமே போதும், மீதியை நிலம் பார்த்துக்கொள்ளும்.

நட வேண்டியிருந்தால் அதே மலையில் சேகரித்த விதை அல்லது அதிலிருந்து வளர்த்த நாற்று மட்டும்தான். அழகாக, சீக்கிரம் வளரும் என்று வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்தால் பத்து ஆண்டு கழித்து அதைப் பிடுங்க ஓர் ஆள்படை தேவைப்படும். மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். கொத்துக்கொத்தாக, கற்களின் ஓரத்தில் நடுங்கள். வரிசையாக நட்டால் தோட்டம் மாதிரி இருக்கும், நடுவில் நடக்கவும் தோன்றும்.

படி 7: பாறை முகத்தையும் உச்சியையும் மறக்காதீர்கள்

கனடாவின் நயாகரா செங்குத்துப் பாறைகளில் குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கும் வெள்ளை சிடார் மரங்களைப் பலகாலம் யாரும் பெரிதாக எண்ணவில்லை. குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளையங்களை எண்ணியபோது சில மரங்களுக்கு வயது 1000 ஆண்டைத் தாண்டியிருந்தது. பாறை இடுக்கில் ஒரு குட்டை மரத்தைப் பார்த்தால் அதில் கயிறு மாட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்புக்குச் சற்றுக் கீழே நிரந்தர ஆங்கர் (கயிறு மாட்டப் பாறையில் பதிக்கும் பிடிமானம்) வைத்தால் உச்சிக்கு ஏறி மரத்தில் கயிறு கட்டவோ, மேலே நடந்து இறங்கவோ தேவை இருக்காது. உச்சியின் மெல்லிய மண் தப்பிக்கும். இதற்கும் நில உரிமையாளரின் அனுமதியும் அனுபவசாலியின் கையும் வேண்டும். புதிய ரூட் (பாறையில் ஏறும் வழி) திறக்க லைக்கனையும் செடியையும் சுரண்டுவதற்கு முன் அந்தப் பாறையின் தாவரங்களைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கூடு கட்டும் காலத்தில் பாறையைப் பறவைக்கு விட்டுவிட வேண்டும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பைரி வல்லூறு கூடு வைக்கும் பாறைப் பகுதிகளை மார்ச் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மூடுவது வழக்கம். டி.டி.டி. பூச்சிமருந்தால் அழிவின் விளிம்புக்குப் போன அந்தப் பறவை, 1999-இல் அமெரிக்காவின் ஆபத்திலுள்ள உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் அளவுக்கு மீண்டது. கூடு இல்லாத பகுதிகளை முன்கூட்டியே திறந்துவிடுங்கள். பறவையே இல்லாத பாறையை ஜூலை வரை பூட்டி வைத்தால் அடுத்த ஆண்டு உங்கள் பலகையை யாரும் நம்பமாட்டார்கள்.

மணற்கல்லாக இருந்தால் மழைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளாவது ஏறக்கூடாது. ஈரத்தில் அதன் வலு பெருமளவு குறையும், பிடி உடைந்தால் திரும்ப ஒட்டாது.

படி 8: எத்தனை பேர் வரலாம்

இதற்கு முன்னுதாரணம் டெக்சாஸில் உள்ள ஹுவேகோ டாங்க்ஸ். ஆயிரக்கணக்கான பழைய பாறை ஓவியங்கள் உள்ள இடம், கயிறில்லாமல் சிறு பாறைகளில் ஏறும் பௌல்டரிங்கில் உலகப் புகழ் பெற்றது. 1998-இல் அங்கே கட்டுப்பாடு வந்தது. தாமாகச் சுற்றிப்பார்க்கும் பகுதியில் ஒரு நேரத்தில் 70 பேருக்கு மட்டும் அனுமதி, மற்ற மலைகளுக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். உள்ளே போகுமுன் அறிமுகக் காணொளியும் பார்க்க வேண்டும். ஏறுபவர்களுக்கு அது எளிதாக இல்லை, ஆனால் ஓவியங்களும் இருக்கின்றன, ஏற்றமும் நடக்கிறது.

எல்லா இடத்துக்கும் இவ்வளவு கடுமை தேவையில்லை. பெரும்பாலான தளங்களில் வாகன நிறுத்தமே குழாய்த் திருகு மாதிரி. 40 வண்டிக்கு இடம் கட்டினால் 40 வண்டிக் கூட்டம் வரும். நிலம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து அதற்கேற்ப நிறுத்துமிடத்தை அமையுங்கள், சாலையோரம் நிறுத்துவதைத் தடுங்கள். பெரிய பயிற்சிக் குழுக்கள் முன்பதிவு செய்து, கல் பாவிய பகுதிக்கு மட்டும் வரட்டும். கழிப்பறை கட்டாயம். கட்ட முடியாவிட்டால் கழிவை எடுத்துச்செல்லும் பைகளை நுழைவாயிலில் வையுங்கள்.

படி 9: பலகை எழுதுவது

“உள்ளே வராதே, மீறினால் தண்டனை” என்ற பலகையை மக்கள் படிப்பதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: “இந்தப் பாதை ஓய்வெடுக்கிறது. இங்கே 30 சென்டிமீட்டர் மண் போய்விட்டது. அடுத்த மழைக்காலம் முடியும் வரை மூடியிருக்கும். பாறைக்குப் போக இடப்பக்கப் படியில் ஏறுங்கள், 2 நிமிடம்தான்.” ஏன், எதுவரை, வேறு வழி எங்கே என்ற மூன்றும் இருக்க வேண்டும். அளவும் தேதியும் உங்கள் தளத்தில் உண்மையாக அளந்ததாக இருக்கட்டும். பலகையைப் பழைய பாதை பிரியும் இடத்தில் வையுங்கள், வாசலில் இருபது பலகை வைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

முதல் சில வார விடுமுறைகளில் பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது இன்னும் நல்லது. ஏறுபவர்களில் ஒருவரே நிற்கட்டும். சக ஏறுபவர் “அண்ணா, இந்தப் பக்கம் வாங்க, நாற்று நட்டிருக்கோம்” என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

படி 10: அளப்பதும் திரும்பத் திறப்பதும்

வேலை தொடங்கும் முன்பே 10 இடங்களில் முளை அடித்து, அங்கிருந்து ஒரே திசையில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் அதே முளையிலிருந்து எடுங்கள். மூடிய இடத்தில் 1 மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து எவ்வளவு பச்சை, எவ்வளவு சருகு, எவ்வளவு வெறும் மண் என்று எழுதுங்கள். பாதையின் குறுக்கே நூல் கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை நூலுக்கும் மண்ணுக்கும் உள்ள ஆழத்தை அளந்தால் அரிப்பு கூடுகிறதா நின்றதா என்று தெரியும். இதற்கெல்லாம் விலை உயர்ந்த கருவி வேண்டாம், ஒரே ஆள் தொடர்ந்து செய்வதுதான் வேண்டும்.

எப்போது திறப்பது என்பதை மூடும்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள். “வெறும் மண் கால்வாசிக்குக் கீழே வரும்போது” என்பது போல ஓர் அளவு இருந்தால் பின்னால் வாக்குவாதம் குறையும். மீண்ட பழைய குறுக்குவழிகளைத் திரும்பத் திறக்கத் தேவையே இல்லை, அவை காடாகவே இருக்கட்டும். பாறையடி மட்டும் தேவைப்பட்டால், ஒரு பக்கமாக, மேடையும் கல்லும் போட்டபின் திறங்கள்.

திறந்தபின் வரும் முதல் மழைக்காலத்தில் அந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். மேடைக்கு வெளியே இரண்டு அடி தள்ளி அழுத்திப் பாருங்கள். கம்பி இறங்கினால் அந்தப் பகுதி திறந்தே இருக்கலாம். பழையபடி ஒரு விரற்கடையில் நின்றால், ஆட்கள் மேடையை விட்டு ஏன் வெளியே வருகிறார்கள் என்று ஒரு விடுமுறை நாள் உட்கார்ந்து பாருங்கள். மேடை சின்னதாக இருக்கலாம், நிழல் இல்லாமல் இருக்கலாம், பாறையின் சுலபமான பிடி அதன் ஓரத்துக்கு அப்பால் தொடங்கலாம். காரணம் தெரிந்ததும் முதலில் மேடையை நீட்டுங்கள், கயிறு கட்டுவது அதற்கப்புறம்.